திருக்கோவலூர்ச் சான்றுகளும் குறிப்பிணைப்பு நெறியும்

1. பொருளும் எல்லையும்

தமிழகத்தின் பண்டை வரலாற்றை ஒரு நூலில் தொடர்ச்சியாக எழுதி வைத்தார் எவரும் இலர். பாட்டின் ஓர் அடியிலும், பாட்டின் கீழ் நின்ற பழங்குறிப்பிலும், கோயிற் சுவரிலும், குகைப் பாறையிலும், மக்கள் வாய்மொழியிலும் அது சிதறிக் கிடக்கின்றது. ஆதலின், கிடைத்தவற்றைத் திரட்டுவதோடு தமிழ் வரலாற்றாய்வாளனின் பணி அமைந்துவிடாது. திரட்டியவற்றுள் எது எதனோடு இயையும், எது எதனோடு முரணும் என்று கண்டு, அவ்வியைபையும் முரணையும் எழுத்தில் நிறுத்துதல் வேண்டும். நினைவில் மட்டும் நின்ற இயைபு அறிஞனோடு மறையும். எழுத்தில் நின்றது பின்வருவார்க்கும் பயன்படும்.

குறிப்புக்களை ஒன்றோடொன்று இணைத்து ஒருவர் தமக்கென அறிவுத் தொகுதி அமைத்துக் கொள்ளும் முறை இக்காலத்தில் பலராலும் பேசப்படுகின்றது. அதனைப் புதுவதாக வந்த ஒன்றெனக் கருதுவாரும் உளர். அம்முறை தமிழாராய்ச்சிக்குப் புறம்பானதன்று என்பதையும், அதன் பயன் யாது என்பதையும் ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய்வாம். அப்பகுதி, 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சி நாடு. அதன் வடபால் பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூரும், மேற்கே கல்வராயன் மலையும் உள்ளன. முன்னது பாட்டும் கல்வெட்டும் செறிந்த ஊர். பின்னது வாய்மொழி வழக்கு மிகுந்த மலை. இருவகைச் சான்றுகளையும் ஒருங்கே வைத்து ஆராய்தற்கு இந்நாடு ஏற்றது.

2. நம் மரபில் இணைப்புக் குறிப்பு

ஒரு நூலின் பொருளை விளக்கப் பிறிதொரு நூலின் பகுதியைக் காட்டுதல் நம் உரையாசிரியர்தம் வழக்கம். பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் அடியார்க்கு நல்லாரும் தாம் கற்ற நூல்களையெல்லாம் ஒரு வலைபோல் உள்ளத்தில் பின்னி வைத்திருந்தனர் என்பதற்கு அவர்தம் உரைகளே சான்று. ஆயினும் மேற்கோளின் நூற்பெயரை அவர்கள் பல இடங்களில் சுட்டிற்றிலர். அக்காலத்து மாணாக்கர் அந்நூல்களையும் கற்றிருந்தமையின் அதனாற் குறை நேர்ந்திலது. நூல்கள் வழக்கொழிந்தபின், மேற்கோள் நின்றது. அது வந்த வழி மறைந்தது.

அம்மறைந்த வழியை மீட்டமையே டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) செய்த பதிப்புப் பணியின் ஒரு பெரும்பகுதி எனலாம். சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிடுதற்கு முன், நச்சினார்க்கினியர் எடுத்தாண்ட மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை எனத் தேடி அவர் உழைத்தமையை அவர்தம் தன்வரலாற்றால் அறிகின்றோம். அத்தேட்டமே அவரைப் பத்துப்பாட்டிற்கும் எட்டுத்தொகைக்கும் உய்த்தது. ஓர் உரையிற் கண்ட ஒரு மேற்கோள், மறைந்து கிடந்த ஓர் இலக்கியத் தொகுதியின் வாயிலாயிற்று.

அவர் 1894இல் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பு இவ்வகையில் நினைக்கத்தக்கது. பாடினோர் வரலாறு, பாடப்பட்டோர் வரலாறு, அரும்பத அகராதி, அடிக்குறிப்பில் ஒப்புமைப் பகுதிகள் என்று அவர்தம் பதிப்புக்களில் அமைந்த உறுப்புக்கள் நூலுக்கு அணியாக மட்டும் நின்றவை அல்ல. நூலின் வரிசைமுறை ஒன்றாக இருக்க, அதே செய்திகளைப் புலவர் வழியாகவும், அரசர் வழியாகவும், சொல் வழியாகவும் அணுகுதற்கு அவை வேறு வேறு வாயில்களாயின. சைவ சித்தாந்த மகா சமாசம் 1940இல் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பு மேலும் ஒரு படி சென்றது. எஸ். வையாபுரிப் பிள்ளை அப்பதிப்பில் தொகை நூல்களின் பாடல்களைப் புலவர் அடைவில் நிறுத்தினார். ஒரு தொகுதியின் உறுப்புக்களை வேறு முறையில் அடுக்கிய அளவிலேயே புதிய வினாக்கள் எழுந்தன. பல தொகைகளிற் பரந்து கிடந்த கபிலர் பாடல்களை ஓரிடத்துக் கண்டோர்க்குக் கபிலர் என்பார் ஒருவரா பலரா என்னும் வினா கூர்மையுற்றது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனையும் இவ்வரிசையில் வைத்தல் தகும். நூறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவ்வகராதியில், பொருளுக்கு மேற்கோளும், மேற்கோளுக்கு நூற்பெயரும் எண்ணும் குறிக்கப்பெற்றன. அதனால் கற்பான் ஒருவன் சொல்லினின்று நூலுக்கும் நூலினின்று மற்றொரு சொல்லுக்கும் செல்ல இயலும். அதே பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924இல் அமர்ந்த சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையும் இங்கே கருதத்தக்கது. ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைத்துவிடாமல், அதன் பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து அக்கூறுகளைக் குறியால் இணைத்துக் காட்டலாம் என்பதே அதன் உட்கருத்து.

3. மேலைநாட்டு முறை

மேலைநாட்டில் இம்முறையைத் தம் வாழ்நாட் பணிக்கு அடிப்படையாகக் கொண்டார் செருமானியச் சமூகவியல் அறிஞர் நிக்லாசு லூமன் (1927–1998). அவர் பீலஃபெல்டு பல்கலைக்கழகத்திற் பணியாற்றியவர். ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் சிறு சீட்டுக்களில் குறிப்பெழுதி மரப்பெட்டிகளில் வைத்திருந்தார். சீட்டுக்களைப் பொருள் தலைப்பின்கீழ் முற்றும் அடக்கிவிடாது, ஒவ்வொன்றற்கும் மாறாத எண் ஒன்று கொடுத்தார். ஒரு சீட்டினின்று கிளைக்கும் கருத்தை அதன் எண்ணோடு எழுத்தும் எண்ணும் சேர்த்து அதன் பின்னே வைத்தார். தொலைவில் உள்ள தொடர்புடைய சீட்டை அதன் எண்ணால் சுட்டினார். சீட்டு வைத்திருப்பார் பலர். ஆயின் எங்கிருந்தும் எதனையும் சுட்டுதற்கு உரிய நிலைத்த முகவரியை ஒவ்வொரு சீட்டுக்கும் அமைத்தமையே இம்முறையின் ஆற்றல்.

நம் புறநானூற்றுப் பாடலெண் அத்தகைய முகவரியே. கல்வெட்டுத் துறையார் ஆண்டறிக்கையில் ஆண்டும் எண்ணும் கொடுத்துக் குறிக்கும் வழக்கும் அத்தகையதே. முகவரிகள் முன்னரே அமைந்துள்ளன. அவற்றை இணைப்பதே ஆய்வாளன் செயல்.

4. இணைப்பால் விளைந்த வரலாறு

திருக்கோவலூர் மலையமான்களின் தலைநகர். அகநானூற்றின் 35ஆம் பாடலில் அம்மூவனார் கோவலையும் காரியையும் பெண்ணையாற்றையும் சேர்த்துக் கூறுகின்றார். புறநானூற்றின் 121 முதல் 124 வரையுள்ள பாடல்களில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியைப் பாடுகின்றார். அகநானூற்றின் 209ஆம் பாடலில் கல்லாடனார், காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்கு ஈந்த செய்தியை வேறொன்றைக் கூறுமிடத்து இடையே கூறிச் செல்கின்றார். புறநானூற்றின் 99ஆம் பாடலில் ஔவையார், அதியமான் கோவலூரை அழித்த வெற்றியைப் பரணர் பாடியதாகக் குறிக்கின்றார். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து, அதியமானின் தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பற்றியது.

இவ்வைந்தினுள் எதுவும் கோவலூர் வரலாற்றைச் சொல்ல எழுந்ததன்று. அகப்பாட்டில் உவமையாய் நின்றது ஒன்று. பரிசில் பெற்றான் வாழ்த்தாய் நின்றது ஒன்று. பகைவனைப் பாடிய பாட்டில் நின்றது ஒன்று. தனித்தனியே நோக்கின் இவை வெறுங் குறிப்புக்கள். இணைத்து நோக்கின், கோவலூர், கொல்லி, தகடூர் என்னும் மூன்று மலைநாட்டு ஆட்சிகளுக்கும் சேரர்க்கும் இடையே நிகழ்ந்த நீண்ட போரின் வடிவம் புலனாகின்றது. அவ்வடிவம் எந்தப் பாட்டிலும் இல்லை. பாட்டுக்களுக்கு இடையே உள்ளது.

இவ்விணைப்பிற்குக் கல்வெட்டும் துணை செய்தது. அசோகனின் இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு, சோழர் பாண்டியர் சேரர் ஆகியோருடன் சதியபுதர் என்றொரு மரபினரையும் கூறுகின்றது. அவர் யாவர் என்பது நெடுங்காலம் ஐயமாக இருந்தது. கோசர் என்றார் சிலர். அதியமான் மரபினர் என்றார் சிலர். திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பை என்னும் ஊர்க் குன்றில் தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்றை 1981இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் கண்டனர். குகையை ஈந்தவன் பெயராக அதியன் நெடுமான் அஞ்சியும், அவனுக்கு அடையாகச் சதியபுதோ என்பதும் அதிற் பொறிக்கப்பெற்றிருந்தன.

இக்கண்டுபிடிப்பின் சிறப்பு ஒன்றை ஆய்வு மாணவர் உணர்தல் வேண்டும். கல்வெட்டுத் தானே பேசுவதன்று. அசோகன் கல்வெட்டைப் பற்றிய குறிப்பும், ஔவையார் பாட்டைப் பற்றிய குறிப்பும் முன்னரே அறிஞர் கையில் இருந்தமையால்தான், ஜம்பைக் கல்வெட்டு உடனே இரண்டனையும் இணைக்கும் கண்ணியாயிற்று. அதியமானின் பெயர் அவனுடைய தகடூரில் இன்றிக் கோவலூர்ப் பகுதியில் ஏன் காணப்படுகின்றது என்னும் வினாவிற்கும் 99ஆம் புறப்பாட்டே விடை தருகின்றது.

5. கபிலர் முடிவு: இணைப்புக் காட்டும் முரண்

இணைப்பு எப்பொழுதும் உடன்பாட்டையே காட்டும் எனக் கொள்ளுதல் தவறு. கபிலர் வரலாறு இதற்குச் சான்று.

பாரி இறந்தபின் அவன் மகளிரைக் கபிலர் அழைத்துச் சென்றார். புறநானூற்றின் 200ஆம் பாட்டு விச்சிக்கோனிடமும், அடுத்த இரண்டும் இருங்கோவேளிடமும் சென்றமையைக் கூறும். 113, 236ஆம் பாட்டுக்களின் பழங்குறிப்புக்கள் அவர் அம்மகளிரைப் பார்ப்பாரிடத்து ஒப்புவித்த செய்தியைச் சொல்லும். பின்னது, கபிலர் அதன்பின் வடக்கிருந்தார் என்று கூறும்.

திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதல் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று செய்யுள் நடையில் உள்ளது. தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் ஏழாம் தொகுதியில் அது அச்சாகியுள்ளது. கபிலர் தம் அடைக்கலமாயிருந்த பாரி மகளை மலையர்க்கு அளித்துத் தீப்புக்கார் என்பது அக்கல்வெட்டின் கூற்று. பெண்ணையாற்றிடையே உள்ள கபிலக்கல் அந்நிகழ்ச்சியோடு சேர்த்துக் கூறப்படுகின்றது. இவையன்றிப் பிற்கால வழக்கொன்றும் உண்டு. அவ்வழக்கில் கபிலர் இல்லை. ஔவையாரே அங்கவை சங்கவை என்னும் இருவரையும் திருக்கோவலூர்த் தெய்வீகனுக்கு மணம் செய்விக்கின்றார். அம்மகளிர் பெயர்கள் புறநானூற்றில் காணப்படவில்லை.

மகளிரை ஏற்றார் பார்ப்பாரா, மலையரா, தெய்வீகனா? கபிலர் முடிவு உண்ணாநோன்பா, தீயா? இம்மூன்று சான்றுகளையும் கலந்து ஒரே கதையாக்கி எழுதும் வழக்கம் நம்மிடையே பெருகியுள்ளது. பார்ப்பாரிடம் விட்டுப் பின் மலையனுக்கு மணமுடித்து, வடக்கிருந்து, இறுதியில் தீப்புக்கார் என்று முரணனைத்தையும் வரிசைப்படுத்திவிடுவர். அவ்வாறு எழுதியபின் எச்செய்தி எச்சான்றின் வழி வந்தது என்பது மறைகின்றது. நச்சினார்க்கினியர் மேற்கோள்களுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்கின்றது.

மூன்று செய்திகளையும் மூன்று தனிக் குறிப்புக்களாக நிறுத்தி, "முரண்" என்னும் சொல்லோடு இணைத்து வைப்பின் வேறொரு பயன் விளைகின்றது. அதே கல்வெட்டு இராசராசனின் அன்னையும் மலையமான் குலத்தாளுமாகிய வானவன் மாதேவி, கணவன் சுந்தர சோழனோடு தீப்புக்க செய்தியையும் போற்றுகின்றது. ஒரு செய்யுளில் இரு தீப்புகுதல்கள் உள்ளன. மலையமான் குலப் பெருமையையும் அவ்வூர்ப் பெருமையையும் பாட வந்த பதினோராம் நூற்றாண்டை ஒட்டிய புலவன், அரசியின் செயலுக்கு இணையாகக் கபிலரின் முடிவையும் தீயாகக் கண்டானா, அன்றி அவ்வூரில் முன்னரே அத்தகைய வழக்கு இருந்ததா என்னும் வினா இங்கு எழுகின்றது. யாம் இதனை முடிபாகக் கூறுகின்றிலேம். கதைகளைக் கலந்தவன் இவ்வினாவை எழுப்பவே இயலாது என்பதே யாம் வலியுறுத்துவது. முரணைக் காத்தவனுக்கே வினா உண்டு.

கணிப்பொறியில் சொல்லைத் தேடி இச்சான்றுகளைத் திரட்டிவிடலாமே எனின், அது முற்றும் பொருந்தாது. மதுரைத் திட்டம் முதலிய மின்னூல் தொகுதிகள் 1998 முதல் செய்துள்ள பேருதவியை மறுப்பாரில்லை. ஆயின் வடக்கிருத்தலைத் தேடுவார்க்குத் தீப்புகுதல் கிட்டாது. கபிலரைத் தேடுவார்க்கு, அவர் பெயரே வாராத தெய்வீகன் கதை கிட்டாது. ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய சான்றுகள் ஒரு சொல்லையும் பொதுவாகக் கொள்ளாதிருக்கக் கூடும். அவற்றை இணைப்பது கற்றார் கருத்தன்றிப் பொறியின் எழுத்தொப்புமை அன்று.

6. கல்வராயன் மலை: பெயரும் சான்றெண்ணிக்கையும்

இனி மலைக்குச் செல்வாம். கல்வராயன் மலையைப் பற்றிக் குறிப்பெடுக்கப் புகுவார்க்கு முதலில் நேரும் இடர், அதனை எத்தலைப்பின்கீழ் வைப்பது என்பது. கல்ராயன் எனவும் கல்வராயன் எனவும் பெயர் வழங்குகின்றது. சின்ன கல்ராயன், பெரிய கல்ராயன் என இரு பகுதிகள் உண்டு. மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. கள்ளக்குறிச்சிப் பகுதியோ, 1993 வரை தென்னார்க்காட்டிலும், பின் 2019 வரை விழுப்புரத்திலும் அடங்கியிருந்தது. ஆதலின் ஃபிரான்சிசு 1906இல் எழுதிய தென்னார்க்காட்டு மாவட்ட விவரணத்தையும், லெஃபனு 1883இல் எழுதிய சேலம் மாவட்ட நூலையும், ரிச்சர்ட்சு 1918இல் எழுதிய சேலம் விவரணத்தையும் ஒருங்கே காணாதவன் இம்மலையைக் கண்டவனாகான். மாவட்டத் தலைப்பில் அடுக்கிய குறிப்பு, மாவட்டம் பிரியும்போது சிதறும். மலையின் பெயர் வடிவங்கள், ஆட்சிப் பிரிவுகள், அவற்றின் ஆண்டுகள் ஆகியவற்றிற்கெனத் தனிச் சீட்டொன்று எழுதிப் பிற சீட்டுக்களை அதனோடு இணைத்தவனுக்கு அவ்விடர் இல்லை.

பழங்காலத்திற்கும் இஃது ஒக்கும். மலையமான் நாடு கல்வெட்டுக்களில் மலாடு எனவும், மலாடான சனநாத வளநாடு எனவும் வரும். மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றிற் சேதிநாடாக வரும். பெயர்ச் சீட்டில்லாதவன் ஒரு நாட்டை நான்கு நாடாகக் கொள்வான்.

இரண்டாவது இடர் இதனினும் பெரிது. இம்மலைவாழ் மலையாளி மக்கள் தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தவர் என்றும், உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்றும் வாய்மொழியாகக் கூறுவர். இச்செய்தி பல நூல்களிற் காணப்படுகின்றது. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் என்னும் ஏழு தொகுதி நூலிலும் உள்ளது. பல நூல்கள் கூறுதலின் வலிய சான்று என எண்ணத் தோன்றும். ஆயின் தர்ஸ்டன் இம்மக்களைப் பற்றி எழுதியவற்றுட் பல, முன்னைய மாவட்ட நூல்களினின்று எடுத்தவை. பின்வந்தோர் தர்ஸ்டனினின்று எடுத்தனர். ஒவ்வொரு குறிப்பிலும் "இஃது எதனினின்று எடுக்கப்பட்டது" என்னும் இணைப்பு இருப்பின், பத்து நூல்கள் இரண்டொரு சான்றாகச் சுருங்குதல் கண்கூடு. அவ்விரண்டொன்றும் ஆங்கில அலுவலர் எழுதியவை. மலையில் இன்று வாழ்வாரிடம் கேட்டு எழுதும் ஒரு புதிய குறிப்பு, அச்சான பத்து நூல்களினும் மதிப்புடையதாகலாம் என்பது அப்பொழுதே விளங்கும்.

இதன்கண் ஒரு நீதியும் அடங்கியுள்ளது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று சாகீர்தாரர் வழியினரின் ஆட்சியில் இம்மலை நெடுங்காலம் இருந்தது. 1976இல்தான் அரசு அச்சாகீர்களை ஏற்றது. அவ்வாட்சியின்கீழ் வாழ்ந்தோரின் நினைவுகள் எழுதப்பெறாவிடின், அவர்தம் வரலாறு வெளியார் எழுதிய ஏடுகளின் படியாகவே நிற்கும்.

7. ஆய்வு மாணவர் கொள்ளத்தக்க நெறிகள்

மேற்கூறியவற்றால் பெறப்படும் நெறிகளைச் சுருங்கத் தொகுப்பாம்.

முதலாவது, ஒரு சீட்டில் ஒரு செய்தியே எழுதுதல். கபிலரைப் பற்றி ஒரே சீட்டு எனின், அதனுள் முரண்கள் கலந்துவிடும்.

இரண்டாவது, சான்றின் முகவரியைப் பாடலெண், தொகுதி, ஆண்டு ஆகியவற்றோடு எழுதுதல். பாட்டின் கூற்றையும், அதன் கீழுள்ள பழங்குறிப்பின் கூற்றையும் வேறு பிரித்தல் இன்றியமையாதது. கபிலர் வடக்கிருந்தமை பழங்குறிப்பின் சொல் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, சான்று கூறுவதையும் நாம் கருதுவதையும் ஒரே வாக்கியத்தில் எழுதாமை.

நான்காவது, இணைப்பிற்குக் காரணம் எழுதுதல். உடன்பாடு, முரண், ஒருபெயர், எடுத்தாளப்பெற்றது என்னும் நான்கனுள் ஒன்றாவது குறிக்கப்படல் வேண்டும். காரணமில்லாத இணைப்பு, சில ஆண்டுகள் கழித்து எழுதியவனுக்கே விளங்காது.

ஐந்தாவது, புதிய சான்று கிடைத்தபோது பழஞ்சீட்டை அழியாமல், அதன்பின் புதுச் சீட்டை நாளிட்டு வைத்தல். சதியபுதரைப் பற்றி 1981க்கு முன் எழுதப்பட்ட கருத்துக்கள் இன்றும் ஆராய்ச்சியின் வரலாறாக நமக்கு வேண்டும்.

சீட்டுக்கள் தாளாயினும் கணிப்பொறியாயினும் நெறி ஒன்றே. கணிப்பொறி இணைப்பை எளிதாக்கும். இணைக்கத் தக்கது எது என்பதை உரையாசிரியர் மரபில் ஊன்றிக் கற்றவனே அறிவான்.

8. முடிவுரை

இணைத்த குறிப்புக்கள் ஒருவனுடைய நினைவாற்றலுக்குத் துணை என்று மட்டும் கருதுவார் அதன் பாதிப் பயனையே கண்டவராவர். கோவலூர்ப் போர்களின் வடிவம் இணைப்பால் தோன்றிற்று. சதியபுதர் யார் என்பது இணைப்பால் தெளிந்தது. கபிலர் முடிவு பற்றிய கலவை இணைப்பால் பிரிந்தது. கல்வராயன் மலைச் சான்றுகளின் உண்மை எண்ணிக்கை இணைப்பால் தெரிந்தது. நான்கும் வேறு வேறு பயன்கள். இவற்றுள் இறுதி இரண்டும், சேர்ப்பதனினும் பிரித்து நிறுத்துவதே சில இடங்களில் இணைப்பின் பணி என்பதைக் காட்டுவன. கள்ளக்குறிச்சி நாட்டிற் செய்தக்க இப்பணி பெரிது. பெண்ணையாற்றங்கரைக் கல்வெட்டுக்களை மலையமான் பாட்டுக்களோடு எண்வாரியாக இணைத்தலும், மலைமக்கள் வாய்மொழியை ஊர்வாரியாக எழுதி அச்சான ஏடுகளோடு ஒப்பிட்டு வைத்தலும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மாணவர் பலர் கூடிச் செய்யத்தக்கன. ஒருவர் தொடங்கிய சீட்டை மற்றொருவர் தொடர இயலுமாறு எழுதுவாராயின், தனியார் அறிவு துறையின் அறிவாகும்.